கவுண்டர்-ஸ்டிரைக் 2 ஆட்டத்தில் தொடக்கநிலை ஆட்டக்காரரின் முன்னேற்றம்

கவுண்டர்-ஸ்டிரைக் 2 என்பது வால்வு நிறுவனம் 2023 செப்டம்பர் 27 அன்று வெளியிட்ட, இணையவழியில் இரு அணிகள் மோதும் முதல்நபர் சுடும் ஆட்டம் ஆகும். ஆடுபவர் தம் பாத்திரத்தின் கண் வழியாகவே களத்தைப் பார்ப்பதால் இவ்வகை ஆட்டங்களுக்கு இப்பெயர் வந்தது. இதன் தொடக்கம் 1999-இல் உள்ளது. மின் லே, ஜெஸ் கிளிஃப் ஆகிய இருவரும் ‘ஹாஃப்-லைஃப்’ என்ற வேறோர் ஆட்டத்தை மாற்றியமைத்து அந்த ஆண்டில் இதை இலவசமாக வெளியிட்டனர். பின்னர் வால்வு நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று 2000-இல் தனி ஆட்டமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் பிரௌசிங் சென்டர்களில் நண்பர்கள் வரிசையாக அமர்ந்து ஆடிய 1.6 பதிப்பு 2003-இல் வந்தது. இன்றைய பதிப்பைக் கட்டணமின்றிப் பதிவிறக்கி ஆடலாம்.

இந்த ஆட்டத்தில் நுழையும் புதியவர் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் தோற்பார். எதிரி எங்கிருந்து சுட்டார் என்று தெரிவதற்குள்ளேயே இறந்துபோவார். தம் கை மெதுவானது, கண் கூர்மையற்றது என்று அவர் முடிவுசெய்கிறார். இந்த முடிவோடு சிலர் விலை உயர்ந்த மவுஸ் வாங்குகின்றனர், சிலர் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஆடுகின்றனர், பலர் ஆட்டத்தையே விட்டுவிடுகின்றனர். ஆனால் அந்த முடிவு பெரும்பாலோர் விஷயத்தில் தவறானது. தொடக்கநிலையில் ஒரு மோதலின் வெற்றி தோல்வி, துப்பாக்கியை இயக்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று வினாடிகளிலேயே ஏறத்தாழ உறுதியாகிவிடுகிறது. ஆடுபவர் எங்கே நிற்கிறார், அவருடைய குறி எந்த உயரத்தில் இருக்கிறது, கால் ஓடிக்கொண்டிருக்கிறதா நின்றுவிட்டதா, கையில் என்ன ஆயுதம் உள்ளது என்பவையே அதை முடிவுசெய்கின்றன. இவற்றுள் எதற்கும் பிறவித் திறன் தேவையில்லை.

ஆட்டத்தின் அமைப்பு

ஓர் அணிக்கு ஐந்து பேர். தாக்கும் அணி களத்திலுள்ள ‘ஏ’, ‘பி’ என்ற இரு இடங்களுள் ஒன்றில் வெடிகுண்டை வைக்க வேண்டும். காக்கும் அணி அதைத் தடுக்க வேண்டும், அல்லது வைத்த குண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 55 வினாடி. வைக்கப்பட்ட குண்டு 40 வினாடியில் வெடிக்கும். அதைச் செயலிழக்கச் செய்ய 10 வினாடி ஆகும். 400 டாலர் விலையுள்ள கருவியை வாங்கி வைத்திருந்தால் 5 வினாடி போதும். இந்த டாலர் ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் பணம். 12 சுற்றுகள் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும். முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணி ஆட்டத்தை வெல்லும்.

சுற்றின் நடுவே இறந்தவர் அடுத்த சுற்று தொடங்கும்வரை களத்துக்குத் திரும்ப முடியாது. இந்த விதிதான் கவுண்டர்-ஸ்டிரைக்கை மற்றப் பல சுடும் ஆட்டங்களிலிருந்து பிரிக்கிறது. இறந்தவுடன் மீண்டும் எழும் ஆட்டங்களில் துணிந்து ஓடுவது லாபம். இங்கே சுற்றின் பத்தாவது வினாடியில் துணிந்து ஓடி இறந்தவர், மீதி நேரம் முழுவதும் நண்பர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய அணி நால்வராக ஆட வேண்டும். கைப்பேசியில் வேறு வகை ஆட்டங்களை ஆடிப் பழகி இங்கு வருவோர் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கைவேகம் எவ்வளவு முக்கியம்

ஒளியைக் கண்டதும் ஒரு பொத்தானை அழுத்த இளம் வயதினருக்குப் பொதுவாக 200 முதல் 250 மில்லிவினாடி ஆகும். ஆக, மிக வேகமான கைக்கும் சராசரிக் கைக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 50 மில்லிவினாடி. இதை ஆட்டத்தின் துப்பாக்கிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

தாக்கும் அணியின் முதன்மைத் துப்பாக்கி ஏகே-47. அது நிமிடத்துக்கு 600 தோட்டாக்களைச் சுடும். அதாவது 100 மில்லிவினாடிக்கு ஒன்று. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உயிர் அளவு 100. தலைக்கவசம் அணிந்த எதிரியின் தலையில் ஏகே-47 தோட்டா ஒன்று அருகிலிருந்து பட்டால் 111 அளவு சேதம் ஏற்படும். ஒரே தோட்டாவில் கதை முடிந்தது. அதே தோட்டா கவசம் அணிந்த மார்பில் பட்டால் சேதம் சுமார் 27 மட்டுமே. அப்போது நான்கு தோட்டாக்கள் தேவை. முதல் தோட்டாவுக்கும் நான்காவது தோட்டாவுக்கும் இடையே 300 மில்லிவினாடி ஓடிவிடும்.

மார்பில் சுடத் தொடங்குபவர் எதிரியைவிட 50 மில்லிவினாடி முந்திக்கொண்டாலும், தலையில் சுடுபவரிடம் தோற்கிறார். வேகமான கையால் கிடைக்கும் லாபத்தைப்போல ஆறு மடங்கு, குறி சரியான உயரத்தில் இருப்பதால் கிடைக்கிறது. காக்கும் அணியின் எம்4ஏ4 துப்பாக்கி தலைக்கவசம் அணிந்தவருக்குத் தலையில் 92 அளவு சேதமே ஏற்படுத்தும் என்பதால், அந்தப் பக்கம் ஆடும்போது இரண்டாவது தோட்டாவும் தேவைப்படும். அப்போதும் மார்பைவிடத் தலையே விரைவான வழி.

குறியின் உயரம்

திரையின் நடுவில் தெரியும் சிறு கூட்டல் அடையாளமே குறி; ஆட்டக்காரர்கள் இதைக் கிராஸ்ஹேர் என்பர். புதியவர்களின் குறி பெரும்பாலும் தரையை நோக்கியே இருக்கும். நடக்கும்போது பாதையைப் பார்ப்பது மனிதருக்கு இயல்பு என்பதால் இதில் வியப்பில்லை. எதிரி தோன்றியதும் குறியை மேலே தூக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, அளவு தப்பினால் திருத்தி, பிறகு சுட வேண்டியிருக்கிறது. பழகிய ஆட்டக்காரரின் குறி முன்பே தலை உயரத்தில், எதிரி வரக்கூடிய மூலையின் விளிம்புக்குச் சற்று வெளியே நிற்கும். எதிரியே குறிக்குள் நடந்து வருகிறார். பார்ப்பவர்களுக்கு அது மின்னல் வேகமாகத் தெரியும். உண்மையில் மவுஸ் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

இதைப் பழக எதிரிகளே தேவையில்லை. வெறும் களத்தை ஏற்றி, கதவுகளிலும் பெட்டிகளிலும் தலை உயரத்துக்கு இணையான கோடு, விரிசல், விளிம்பு ஏதாவது ஒன்றை அடையாளமாகக் கொண்டு, அந்த உயரத்திலிருந்து குறி இறங்காமல் களத்தைச் சுற்றிவரலாம். படிக்கட்டும் சரிவும் வரும் இடங்களில் உயரம் மாறும். அங்கேதான் குறி தவறும். சலிப்பூட்டும் பயிற்சிதான். ஆனாலும் பத்து நாளில் இதைவிட அதிகப் பலன் தரும் வேறொரு பயிற்சியைச் சொல்வது கடினம்.

நின்று சுடுதல்

ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டாக்கள் குறியின் மீது போகாமல் நாலாபுறமும் சிதறும். துப்பாக்கியுடன் செல்லும் முழு வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வேகம் இறங்கிய பிறகே தோட்டா நேராகச் செல்லும். பக்கவாட்டு விசையிலிருந்து விரலை எடுத்ததும் பாத்திரம் உடனே நின்றுவிடுவதில்லை. சற்றே வழுக்கிச் சென்று நிற்கும். அந்தச் சிறு நேரத்தில் சுடும் தோட்டாக்களே புதியவர்கள் “சரியாகத்தான் சுட்டேன், படவில்லை” என்று புலம்பும் தோட்டாக்கள்.

இதற்குத் தீர்வு எதிர் விசை. வலப்புறம் செல்ல ‘டி’ விசையை அழுத்திக்கொண்டிருப்பவர், அதை விட்டதும் இடப்புறத்துக்கான ‘ஏ’ விசையை ஒரு கணம் தட்டினால் பாத்திரம் சட்டென நிற்கும். அந்தக் கணத்தில் ஒன்றிரண்டு தோட்டாக்கள், பிறகு மீண்டும் நகர்வு. சுவரில் தோட்டாத் தடங்களைப் பார்த்தே இதைச் சரிபார்க்கலாம். தடங்கள் ஒரே இடத்தில் குவிந்தால் கால் நின்றிருக்கிறது, சிதறினால் நிற்கவில்லை.

தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி பின்னுதைத்து மேலே ஏறும். ஏகே-47-இன் முதல் தோட்டாக்கள் நேராக மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் அலையும். இந்த வடிவம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், மவுஸைக் கீழே இழுத்து ஈடுகட்டக் கற்கலாம். 30 தோட்டாக்களின் வடிவம் முழுவதையும் மனப்பாடம் செய்ய முனைவது புதியவருக்கு வீண் உழைப்பு. முதல் பத்து போதும். எதிரி தொலைவில் இருந்தால் இரண்டு மூன்றாகச் சுட்டு நிறுத்துவதே நல்லது.

மவுஸின் உணர்திறன் பற்றி இணையத்தில் முடிவில்லாத விவாதங்கள் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் அதை மிக அதிகமாக வைத்திருக்கின்றனர். மணிக்கட்டைச் சற்று அசைத்தாலே பாத்திரம் பின்பக்கம் திரும்பிவிடும். மவுஸின் டிபிஐ 800, ஆட்டத்தின் உணர்திறன் 1 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை ஏறத்தாழ 52 செ.மீ. நகர்த்த வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இதற்கு அருகிலுள்ள அளவையே பயன்படுத்துகின்றனர். இதற்கு முழங்கையும் நகர வேண்டும் என்பதால் மேசையில் இடம் வேண்டும். ஓர் அளவைத் தேர்ந்தபின் சில வாரங்களுக்கு அதைத் தொடாமல் விடுவது, மிகச் சரியான அளவைத் தேடித் தினமும் மாற்றுவதைவிட மேல்.

மூலைகள்

சுவர் மூலையின் இருபுறமும் இருவர் இருக்கும்போது, மூலையை ஒட்டி நிற்பவரைவிடத் தள்ளி நிற்பவரே மற்றவரை முதலில் பார்க்கிறார். ஒட்டி நிற்பவரின் கண் மூலையைத் தாண்டும் முன்னரே அவருடைய தோள் வெளியே தெரிந்துவிடுகிறது. புதியவர்கள் பாதுகாப்பு என்று நினைத்துச் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றனர். இரண்டு மூன்று அடி விலகி நின்றால் பார்வை முந்தும்.

இன்னொரு காரணம் இணையத்தின் தாமதம். மூலையிலிருந்து வெளியே வருபவரின் கணினி, காத்திருப்பவரை உடனே காட்டிவிடுகிறது. வெளியே வந்த செய்தியோ வழங்கி வழியாகப் பயணித்த பிறகே காத்திருப்பவரின் திரைக்கு வந்துசேர்கிறது. ஆகவே அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்துக் காத்திருப்பது, தோன்றும் அளவுக்குப் பாதுகாப்பானதன்று. வால்வு நிறுவனத்துக்குச் சென்னையிலும் மும்பையிலும் வழங்கிகள் உள்ளதால் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தாமதம் குறைவாகவே இருக்கும். அதற்கு மேலும் தாமதம் தெரிந்தால், வைஃபைக்குப் பதிலாகக் கம்பி இணைப்பைப் பயன்படுத்திப் பார்ப்பது முதல் வேலை.

ஒரு திறந்த வெளிக்குள் நுழையும்போது மூன்று மூலைகள் ஒரே நேரத்தில் தெரியுமாறு குதித்துச் செல்பவர், மூன்றில் எதிலிருந்தும் சுடப்படலாம். அவருடைய குறியோ ஒன்றில் மட்டுமே இருக்க முடியும். சுவரைப் பயன்படுத்தி ஒரு மூலையை மட்டும் திறந்து, பார்த்து, பிறகு அடுத்ததைத் திறக்க வேண்டும். திறக்க முடியாத ஒன்றைப் புகைக்குண்டு வீசி மறைத்துவிடலாம். இதற்காகத்தான் 300 டாலர் செலவில் அந்தக் குண்டு இருக்கிறது. புதியவர்கள் பலர் அதை வாங்கி, கையில் வைத்துக்கொண்டே இறக்கின்றனர்.

காதும் இங்கே ஒரு கருவி. ஓடும் காலடி எதிரிக்குக் கேட்கும். ஷிஃப்ட் விசையை அழுத்தி நடந்தால் கேட்காது. ஒலிபெருக்கியில் ஆடுபவர் எதிரி வரும் திசையை இழக்கிறார். சாதாரண இயர்போன்கூட அந்தக் குறையைத் தீர்க்கும்.

பணக்கணக்கு

ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும் தலா 800 டாலர் கிடைக்கும். அதில் கைத்துப்பாக்கியைவிடப் பெரிய துப்பாக்கி எதையும் வாங்க இயலாது. ஏகே-47-இன் விலை 2700; உடற்கவசமும் தலைக்கவசமும் சேர்த்து 1000. சுற்றை வென்றால் குறைந்தது 3250 டாலர். தோற்றவர்களுக்கும் பணம் உண்டு. தொடர்ந்து தோற்கத் தோற்க அது 1400-லிருந்து ஐந்நூறு ஐந்நூறாகக் கூடி 3400 வரை செல்லும். விலைகள் புதுப்பிப்புகளில் அவ்வப்போது சிறிது மாறினாலும் கணக்கின் போக்கு மாறுவதில்லை.

தொடர்ந்து தோற்றுவரும் தாக்கும் அணியில் ஐவர் கையிலும் தலா 2000 டாலர் இருக்கிறது, இந்தச் சுற்றிலும் தோற்றால் 2900 கிடைக்கும் என்று கொள்வோம். ஐவரும் இப்போது எதையும் வாங்காமல் விட்டால், தோற்றாலும் அடுத்த சுற்றில் தலா 4900 இருக்கும். ஏகே-47, கவசங்கள், ஒரு புகைக்குண்டு, கண்ணைக் கூசவைக்கும் பிளாஷ் குண்டுகள் இரண்டு என எல்லாம் சேர்த்தாலும் 4400-தான். மாறாக, இப்போதே 2000-ஐயும் மலிவான துப்பாக்கிகளில் செலவிட்டுத் தோற்றால், அடுத்த சுற்றில் கையில் 2900. ஏகே-47 வாங்கலாம், கவசம் வாங்க முடியாது. கவசமில்லாதவர் மீது தோட்டா பட்டால் அவருடைய குறியே துள்ளிவிடும். இரண்டு சுற்றுகளும் போகும்.

இதில் மிகவும் தீங்கானது ஆளுக்கொரு முடிவு எடுப்பது. இருவர் வாங்கி மூவர் சேமித்தால் அந்தச் சுற்றும் வலுவற்றது, அடுத்ததும் வலுவற்றது. சுற்று தொடங்கும் முன் மற்ற நால்வரின் பணம் திரையில் தெரியும். அதைப் பார்க்கும் பழக்கம், ஒரு தோட்டாகூடச் சுடாமல் ஆட்டங்களை வென்று தருகிறது.

இறப்புக் குறிப்பேடு

முன்னேறுகிறோமா என்பதைப் புதியவர்கள் வெற்றி எண்ணிக்கையைக் கொண்டு அளக்கின்றனர். அந்த அளவுகோல் அவர்களை ஏமாற்றும். இவ்வகை ஆட்டங்களின் தரவரிசை முறைகள், சதுரங்கத்துக்காக ஆர்பாட் எலோ வகுத்த முறையின் வழிவந்தவை. சம வலிமையுள்ளவர்களை மோதவிடுவதே அவற்றின் நோக்கம். ஆட்டக்காரர் உயர்ந்தால் எதிரிகளும் உயர்வர். ஆகவே, நன்கு முன்னேறிவரும் ஒருவர்கூட ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் தோற்றுக்கொண்டேதான் இருப்பார். பல மாதம் ஆடியும் தோல்வி குறையவில்லை என்று மனம் உடைபவர்கள் இதை அறிந்திருப்பதில்லை.

இறப்பின் காரணத்தை எண்ணுவது இதைவிட நேர்மையான அளவுகோல். ஒவ்வொரு முறை இறந்த பிறகும் அடுத்த சுற்று வரை காத்திருக்கும் நேரத்தில், ஒரு தாளில் ஒரு சொல் எழுதினால் போதும்: குறி தாழ்ந்திருந்தது, ஓடிக்கொண்டே சுட்டது, இரண்டு மூலைகளுக்கு நடுவில் நின்றது, அருகில் துணை இல்லை, தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் எதிரி நன்றாகச் சுட்டார் என்றால் அதையும் எழுத வேண்டும். நினைவில் தெளிவில்லாதபோது ஆட்டத்தின் பதிவைப் பின்னர் ஓட்டிப் பார்க்கலாம். பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. எதிரியின் திறமை என்று நினைத்த இறப்புகள் பல, சொந்தப் பிழையாகவே பதிவில் தெரியும்.

ஒரு வாரத்தில் எந்தச் சொல் அதிகம் வந்ததோ அடுத்த வாரம் அதை மட்டும் திருத்தினால் போதும். துணை இல்லாமல் இறப்பது பலரிடம் முதலிடம் பிடிக்கும். முன்னால் செல்பவர் சுடப்பட்ட மறுகணம், பின்னால் வருபவர் அந்த எதிரியைச் சுட்டு ஈடுசெய்ய வேண்டும் என்பது அணி ஆட்டத்தின் அடிப்படை. தனியாகச் சுற்றுபவரின் இறப்புக்கு ஈடு கிடைப்பதில்லை.

நேரமும் செலவும்

நாளொன்றுக்கு இருபது நிமிடக் குறிப் பயிற்சியும், கவனத்தோடு ஆடும் ஒன்றிரண்டு ஆட்டங்களும், களைத்த கண்ணோடு நள்ளிரவு வரை ஆடும் ஐந்து ஆட்டங்களைவிடப் பயன் தரும். கை பழகும் திறன்கள் தூக்கத்தின்போது மூளையில் உறுதிப்படுகின்றன. தேர்வுக் காலத்தில் இரவு விழித்து ஆடும் மாணவர் படிப்போடு ஆட்டத்தையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறார். அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் தோற்றபின் மூன்றாவதைத் தொடங்காமல் இருப்பது, பல அனுபவசாலிகள் தமக்கு வைத்துக்கொள்ளும் விதி.

கருவிகளுள் பலன் தரக்கூடியது திரை. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறையும், 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லிவினாடிக்கு ஒருமுறையும் படத்தைப் புதுப்பிக்கும். நகரும் எதிரியைத் தொடர்வது பின்னதில் எளிது. ஆனால் குறி தரையைப் பார்க்கும் வரை எந்தத் திரையும் உதவாது. துப்பாக்கிகளுக்கு வண்ணம் பூசும் ‘ஸ்கின்’களால் சேதம் ஒரு புள்ளிகூட மாறாது. அவை வெளிவரும் பெட்டிகளைத் திறக்க உண்மைப் பணம் செலவாகும். சீனாவில் 2017-இல் வெளியிடப்பட்ட விவரப்படி, எல்லோரும் விரும்பும் கத்தி போன்ற அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 0.26 விழுக்காடு, நானூறு பெட்டிகளுக்கு ஒன்று என்ற அளவு. இதை மாணவர்களின் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

குரல்வழி உரையாடல்

களத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் வைத்திருக்கின்றனர். ‘டஸ்ட் 2’ களத்தில் லாங், ஷார்ட், மிட், டனல் ஆகிய நான்கைத் தெரிந்துகொண்டாலே பேசத் தொடங்கலாம். “லாங், ரெண்டு பேர், ஒருத்தருக்கு அடி” என்பதுபோல இடம், எண்ணிக்கை, நிலை ஆகிய மூன்றும் போதும். இறந்தவர் ஒரு முறை தகவல் சொல்லிவிட்டு அமைதியாகிவிட வேண்டும்; உயிரோடு இருப்பவருக்குக் காலடி ஓசை கேட்க வேண்டும். புதியவர்களைத் திட்டுவோர் எல்லா வழங்கிகளிலும் உண்டு. அத்தகையவரின் குரலை மட்டும் அடைக்கும் வசதி ஆட்டத்திலேயே உள்ளது. முதல் வசைச்சொல்லிலேயே அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பெண்களும் சிறுவர்களும் குரல் வெளிப்பட்டதுமே வசைக்கு ஆளாவதால் பேசாமலே ஆடுவதுண்டு. வானொலிக் கட்டளைகளும், இடத்தைச் சுட்டிக்காட்டும் விசையும் அவர்களுக்கு ஓரளவு உதவும்.

ஓர் ஆட்டம் முடிய அரை மணிக்கு மேல் ஆகலாம். நடுவில் வெளியேறுபவருக்கு முதலில் 30 நிமிடம், பிறகு 2 மணி, 24 மணி, 7 நாள் எனத் தடை கூடிக்கொண்டே போகும். சாப்பாட்டு நேரத்துக்கும் மின்தடை நேரத்துக்கும் முன்னால் புதிய ஆட்டத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. மின்சாரம் போய் உடனே வந்துவிட்டால், ஆட்டத்தைத் திறந்ததும் தெரியும் மறு இணைப்புப் பொத்தானை அழுத்தி அதே ஆட்டத்துக்குள் திரும்பலாம்.